கிழங்கு வைக்காத வெங்காயம்

போன வாரம் கோத்தகிரி மார்க்கெட்டில் ஒரு சின்னப் பெண் எனக்குச் சமையல் சொல்லிக் கொடுத்தாள். கேரட்டுக்கும் புரோக்கோலிக்கும் நடுவில் வெள்ளைத் தண்டும் பச்சை இலையுமாக ஒரு கட்டு கிடந்தது. நான் அதை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவிக்கு இது என்னவென்று தெரியவில்லை போல என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள்.

"ஆன்ட்டி, இது லீக்ஸுங்க. வெங்காயமாட்ட இருக்கும், ஆனா வெங்காயமில்லீங்க. சூப்புல போடலாங்க. ரிசார்ட்டுக்காரங்க நெறையா வாங்கறாங்க."

"அப்படியாம்மா? இதுக்குள்ள மண்ணு இருக்குமே, அதை எப்படிக் கழுவறது?" என்று கேட்டேன்.

பாவம், முழித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் வயதுக்காரர்களே, நாமும் பார்க்கிற இடத்திலெல்லாம் முட்டி வலியையும் சர்க்கரையையும்தான் பேசுகிறோம். பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. இன்றைக்கு ஒரு நாள் இந்த லீக்ஸைப் பற்றிப் பேசவிடுங்கள். இந்த மலையில் என்னைத் தங்கவைத்தது இதுதான். அது எப்படியென்று சொல்கிறேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். அங்கே நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது கூலியாட்களின் வரிசை வீட்டில், பிறந்தேன். கப்பலில் வந்து இறங்கி, முகாமில் கிடந்து, கடைசியில் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். எங்களோடு வந்த எல்லோரும் தூரத்து எஸ்டேட்டுகளில் பேர் பதிந்துகொண்டு போனார்கள். அம்மாவும் பக்கத்திலிருந்த ஒரு எஸ்டேட்டில் பதிந்து, உள்ளூர் ஆட்களோடு கொழுந்து கிள்ளப் போனாள். அப்பா மட்டும் முடியவே முடியாது என்றார்.

"பொறந்ததுலேருந்து பெரட்டுல நின்னு பேரு குடுத்தாச்சு. இனிமே என் பேர யாரும் கூப்புட வேணாம்."

விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதற்கு அங்கே பெரட்டு என்று பேர். அப்பாவுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் கடுத்துவிடும். ஊருக்குக் கீழே ஓடைக்கரையில், மூன்று படியாக இறங்கும் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். நிலக்காரர் இந்த மலையிலேயே பிறந்த படகர். வெள்ளை முண்டாசு, வெள்ளைப் போர்வை, கையில் கறுப்புக் குடை. அதிகம் பேசமாட்டார். "போடுறதப் போட்டுக்கப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் உருளையும் முட்டைக்கோசும் போட்டிருந்தார்கள். அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சின்ன மருந்து டப்பாவை எடுத்தார். உள்ளே கறுப்புக் கறுப்பாக விதை. கப்பலுக்கு ஏறும்போது எல்லோரும் பித்தளைப் பாத்திரத்தையும் சாமி படத்தையும் கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றால், என் அப்பா லீக்ஸ் விதையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!

"ஏங்க, இத இங்க யாரு திம்பா?" என்றாள் அம்மா.

"திங்காம? அங்க கொழும்புலேருந்து லொறி வந்து தவங்கெடக்கும் புள்ள. அதே குளிரு, அதே மலை. தின்னு பாத்தா விடுவாங்களா?"

குளிரும் மலையும் ஒன்றாக இருந்தால் மனிதர்களின் நாக்கும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிட்டார், என்ன செய்ய. அம்மா கொஞ்சம் இடத்திலாவது பீன்ஸ் போடலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். மனிதர் மசியவில்லை. மூன்று படியிலும் லீக்ஸ்தான்.

நாற்று முளைத்துவந்த சமயத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். எங்களுக்கு முன்பே கப்பலேறி, துறையூர் பக்கம் எங்கள் பாட்டன் பூட்டனின் ஊரிலேயே போய்க் குடியேறியிருந்தாள். மாமா லாரியில் போகிறவர், வீட்டில் தங்கமாட்டார். பிள்ளையும் இல்லை. வந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். தலையைத் தடவினாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கேட்டேவிட்டாள்.

"தம்பி, புள்ளைய என்கூட அனுப்பு. நான் வளத்துக்கிறேன். இங்க நீயும் வேலையில்லாம, அவளும் மலையில ஏறி எறங்கிக்கிட்டு... இது என்னத்தத் திங்கும்?"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேலையில்லாமயா? தோட்டம் போட்டிருக்கேன் அக்கா. இந்த வெள்ளாமை கைக்கு வரட்டும், அப்பறம் பேசு."

"வரலேன்னா?"

"வரலேன்னா தைப்பொங்கலுக்கு வா. நீயே கூட்டிட்டுப் போ."

அம்மா கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அப்பாவுக்கு இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சமவெளியை நான் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரே வெயிலும் புழுதியுமாக இருந்தது. அம்மா இல்லாமல் அங்கே போய் என்ன செய்வேன்? அத்தைக்கு வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும், அதற்குத்தான் அடிபோடுகிறாள் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி அழுததை வேறு கேட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அந்தப் பயிரை என் உயிரைப்போலப் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தோட்டம். அப்பா குச்சியால் குழி குத்திக்கொண்டே போவார். நான் நாற்றின் நுனியையும் வேரையும் கிள்ளிவிட்டு ஒவ்வொன்றாகக் குழிக்குள் நிறுத்துவேன். மழை வந்தால் சாக்கை முக்காடாக மடித்துப் போட்டுக்கொள்வோம். நனைந்த சாக்கின் வாசம், சாணி எருவின் வாசம், அதற்கு மேலே விரல் நுனியில் அந்த மெல்லிய வெங்காய வாசம். சோறு பிசையும்போதும் அது போகாது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். பிடித்தால் பிடித்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

லீக்ஸ் வளர வளர அதன் கழுத்துவரைக்கும் மண்ணை அணைத்துக்கொண்டே வர வேண்டும். வெளிச்சம் படாத தண்டுதான் வெள்ளையாக, மெத்தென்று வரும். இது தெரியாதவர்களுக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். வெங்காயம் போட்டவன் கிழங்கு வைக்கிற நேரத்தில் அதைக் கழுத்தோடு போட்டுப் புதைக்கிறான்! பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வரப்பில் நின்று சிரித்தார்கள்.

"ஏனுங்க, வெங்காயத்துக்குக் குளுருதுங்களா? போர்வ போத்திவுடறீங்க!"

"காலு தெரியாம கட்டி வெச்சா கெழங்கு எங்கீங்க வெக்கும்?"

அப்பா மம்பட்டியால் இன்னும் கொஞ்சம் மண்ணை அள்ளி அணைப்பார். கிழங்கு வைக்காத வெங்காயத் தோட்டம் என்று எங்கள் நிலத்துக்கு ஊரே பேர் வைத்துவிட்டது. கடைக்கு உப்பு வாங்கப் போனால்கூட, "கெழங்கு வெச்சிருச்சா பாப்பா?" என்று கேட்பார்கள். அழுகை முட்டிக்கொண்டு வரும்.

நிலக்காரர் வேறு தினமும் வந்து நிற்பார். மேல் வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு, ஒரு பேச்சும் இல்லாமல் பயிரையே பார்ப்பார். பிறகு போய்விடுவார். அப்பாவுக்கு அது பெரிய உறுத்தல். "நெலத்தக் கெடுக்கிறோம்னு பாக்கிறாரு. இன்னிக்கில்லாட்டி நாளைக்குக் காலி பண்ணச் சொல்லப்போறாரு, பாரு" என்பார். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், எங்கள் படிக்கு வருகிற மேல் வாய்க்காலை யாரோ வெட்டி ஓடைப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். வரப்பில் குடை ஊன்றிய குழிகள் வரிசையாகக் கிடந்தன. அப்பாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பாத்தியா, தண்ணிய நிறுத்திட்டாரு!" என்று குதித்தார். கொட்டுகிற மழையில் தண்ணீரை நிறுத்தினால் நமக்கு என்ன நட்டம் என்று அவருக்குத் தோன்றவில்லை. வாய்க்காலைத் திருப்பாத பக்கத்துத் தோட்டத்தில் அன்று ராத்திரி வரப்பே சரிந்து கோசு மொத்தமும் ஓடையோடு போனது. எங்கள் பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் அப்பா நிலக்காரருக்கு ஒரு கும்பிடு போடவில்லை. தன் வரப்பு பலமாக இருந்ததால் தப்பித்தது என்றார்.

மார்கழியில் பிடுங்க ஆரம்பித்தோம். ஓடையில் வைத்துக் கழுவினால், தண்டு யானைத் தந்தம் மாதிரி வெளுப்பு. அப்பாவின் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். இரண்டு சாக்கு நிறையக் கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பஸ்ஸில் கொண்டுபோனோம். என்னையும் கூட்டிப்போனார். வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டியது. புளியைச் சப்பிக்கொண்டே போனேன்.

மண்டியில் மலைமலையாக உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும். எங்கள் சாக்கைப் பிரித்த மண்டிக்காரர் ஒரு தண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்க, கெழங்கு வெக்கறதுக்கு முந்தியே புடுங்கிப்போட்டீங்களே. இன்னும் ஒரு மாசம் உட்டிருக்கலாமுங்க."

"இது வெங்காயம் இல்லீங்க, லீக்ஸ். இது இப்படித்தான்."

"செரிங்க. ஆரு வாங்குவா? நானே இன்னிக்குத்தான் பாக்கறன். எடுத்துட்டுப் போயிருங்க, இங்க கெடந்தா அழுகிப்போகும்."

அப்பா இன்னும் நாலு மண்டியில் ஏறி இறங்கினார். கடைசியாக ஒருவர், மாட்டுக்கு வேண்டுமானால் போட்டுவிட்டுப் போங்கள் என்றார். அப்பா சாக்கைக் கட்டினார். எனக்குத் தெரிந்துவிட்டது. பொங்கலுக்கு அத்தை வருவாள், நான் போகப்போகிறேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். சாக்கை எங்கள் காலடியில் வைத்திருந்தோம். வெயிலில் வாடியதில் வாசம் தூக்கலாக அடித்தது. கண்டக்டர் கத்தத் தொடங்கினார்.

"ஆரோட மூட்டைங்க இது? ஒரே வெங்காய நாத்தம். எடுத்து மேல போடுங்க!"

பின் சீட்டிலிருந்து ஒரு பெண்மணி எழுந்துவந்தாள். கையில் ஆஸ்பத்திரி மருந்துப் பாட்டில், தோளில் பழைய கம்பளி. ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து, குனிந்து சாக்கின் வாயை விரித்தாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள்.

"ஐயோ... லீக்ஸுல்ல இது!"

அப்படியே சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது.

"எந்தத் தோட்டம்யா நீங்க?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பா எங்கள் சிலோன் தோட்டத்தின் பேரைச் சொன்னார். அவள் அதற்கு அடுத்த மலையிலிருந்த தோட்டத்தின் பேரைச் சொன்னாள். இப்போது கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருக்கிறாளாம். அவள் லயம் முழுக்க நம் ஆட்கள்தானாம்.

"கப்பலேறுனதுலேருந்து இது வாயில படல. எங்க வீட்டுக்காரரு காய்ச்சலோட பெனாத்துறாரு, லீக்ஸும் மாசிக் கருவாடும் போட்டு ஒரு வாய் சோறு குடுன்னு. நான் எங்கய்யா போவேன் லீக்ஸுக்கு?"

அப்பா ஒரு கட்டு எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். இறங்கும்போது அவள் திரும்பிச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம லயத்துக்குக் கொண்டாங்கய்யா. சத்தியமாச் சொல்றேன், ஒரு எல மிஞ்சாது."

வீட்டுக்கு வந்ததும் அப்பா சுருண்டு படுத்துவிட்டார். லயத்துக்குப் போய் விற்க மாட்டாராம். கொழும்புக்கு லொறி லொறியாகப் போன சரக்கைத் தலையில் வைத்துக் கூவுவதா என்று மானப் பிரச்சினை. அம்மா அன்றைக்குத்தான் அவரை எதிர்த்துப் பேசினாள்.

"உங்க மானத்த நீங்க போத்திக்கிட்டுப் படுங்க. எனக்கு எம்புள்ள வேணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தலையில் ஒரு சாக்கு, என் தலையில் ஒரு சின்னக் கட்டு. கீழ் கோத்தகிரி பஸ்ஸில் போய் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். லயத்தைப் பார்த்ததும் எனக்கு சிலோனுக்கே திரும்பிப் போய்விட்டதுபோல இருந்தது. அதே நீளக் கட்டடம், அதே தகரக் கூரை, அதே புகை. பஸ்ஸில் அழுத பெண்மணி வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளே சொல்லிவைத்துவிட்டாள் போலிருக்கிறது. சாக்கை இறக்கும் முன்பே கைகள் நீண்டன.

அடேயப்பா, அந்தச் சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! "எனக்கு முழுக்கட்டு", "நேத்தே சொன்னேன்ல", "ஏய், பச்சையிலைய ஏன்டி கிள்ளிப் போடுற, அதுலதான் ருசியே!" ஒரு பெரியவர் கழுவக்கூட இல்லாமல் ஒரு தண்டைக் கடித்துத் தின்றார். கடித்துவிட்டு, "மண்ணு கடிக்குது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு அடுப்பு புகைந்தது. மாசி கிடைக்காததால் நெத்திலிக் கருவாட்டை இடித்துப் போட்டார்கள். மஞ்சளும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து லயம் முழுக்க ஒரே வாசம். எங்களை விடவில்லை. சோறு போட்டு, தேத்தண்ணி கொடுத்து, அடுத்த வாரம் பக்கத்து எஸ்டேட்டுக்கும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். ஒரு இலை மிஞ்சவில்லை.

வெறும் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா பாதையில் நடந்தாள். திடீரென்று நின்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "போவேணாம்டி. நீ எங்கயும் போவேணாம்" என்றாள்.

அடுத்த வாரம் சாக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது அப்பா. மானப் பிரச்சினை என்ன ஆனது என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் நிலக்காரர் வரப்பில் என்னிடம் வாயைத் திறந்தார். அப்பா தூரத்தில் இருந்தார்.

"பாப்பா, இது என்ன பயிரு? நட்ட நாள்லருந்து கேக்கணும்னு பாக்கறன். உங்கப்பன் மூஞ்சியப் பாத்தா கேக்கத் தோணல."

அவ்வளவுதான் விஷயம்! நான் பேரைச் சொன்னேன். அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மழையில போயிருமோன்னு வாய்க்கால வெட்டிவிட்டேன். என்னன்னே தெரியாத பயிரு, பாக்கறதுக்கு முந்தி போயிட்டா?" என்றார். அன்றைக்கு ஒரு கட்டு வாங்கிக் குடைக்குள் செருகிக்கொண்டு போனார். அப்பாவிடம் சொன்னேன். வெகு நேரம் மம்பட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு அத்தை வந்தாள். என் துணிமணிக்கென்று பூப்போட்ட துணியில் தானே தைத்த ஒரு பெரிய பை கொண்டுவந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "வெள்ளாமை வந்திருச்சுக்கா" என்று மட்டும் சொன்னார். அம்மா இலையைப் போட்டுச் சோறு வைத்து, லீக்ஸ் வதக்கலை அள்ளி வைத்தாள்.

அத்தை ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். பிறகு கை அப்படியே நின்றுவிட்டது.

"மதினி, உப்பு பத்தலையா?" என்றாள் அம்மா.

"அந்த ஊர்ல என்ன சிலோன்காரின்னுதான் கூப்புடறாங்க" என்றாள் அத்தை. "தேத்தண்ணின்னா சிரிக்கிறாங்க. ரொட்டியப் பாண்னா சிரிக்கிறாங்க. நான் சொல்றது என்னன்னு கேக்க வீட்டுல ஒரு ஆள் இல்ல தம்பி. அதுக்குத்தான் புள்ளையக் கேட்டேன். நீங்க என்னான்னு நெனச்சீங்களோ."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. அத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் கையாலேயே இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். அன்று இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். ஆள் வேண்டும் என்றால் வீட்டு வேலைக்குத்தான் வேண்டும் என்று நினைக்கிற அளவுக்கு நாம் பெரியவர்கள் ஆகிவிடுகிறோம் பாருங்கள், அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சங்கடம்தான். அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கோடை விடுமுறையும் துறையூரில்தான் எனக்கு. நானாகக் கேட்டுப் போனேன்.

அத்தை கிளம்பிய நாளில் அப்பா தோட்டத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் பிடுங்கிக் கழுவிக் கொண்டுவந்தார். அம்மா பூப்போட்ட பையை விரித்துப் பிடித்தாள். நான்தான் அடுக்கினேன். பை கொள்ளவில்லை. பச்சை இலைகள் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அத்தை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டாள். எனக்கென்று பிடித்துவைத்திருந்த சீட்டு அது. "ஆரோட பைங்க இது, ஒரே நாத்தம்" என்று கண்டக்டர் ஆரம்பிப்பதும், "எங்க தம்பி தோட்டத்து லீக்ஸு, டிக்கெட்டு வேணும்னா கிழி" என்று அத்தை அதட்டுவதும் கேட்டது. பஸ் நகர்ந்து வளைவில் திரும்பியது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.